உள்ளே நின்று அடித்த சுவர்

பர்மாவில், க்யிம்யிண்டைங் பகுதியில் நாங்கள் குடியிருந்தது பலகை வீடு. தொண்ணூறுகளின் நடுவில் அந்தத் தெருவில் பாதி வீடு அப்படித்தான். எங்கள் வீட்டில் மூன்று பக்கச் சுவரும் ஒழுங்காக நின்றது. பக்கத்து வீட்டைப் பார்த்த சுவர் மட்டும் உளுத்துப்போனது. அவர்கள் தகரக் கூரையிலிருந்து கொட்டுகிற தண்ணீர் நடுவில் இருக்கிற சந்தில் விழுந்து, அத்தனையும் எங்கள் பலகையில் தெறிக்கும். விரலால் அழுத்தினால் டீயில் ஊறின ரஸ்க் மாதிரி உள்ளே போகும்.

வேறு வருஷமாக இருந்தால் நாலு சாக்கைத் தொங்கவிட்டு மழைக்காலத்தை ஓட்டியிருப்பேன். அந்த வருஷம் கையில் குழந்தை. திங்யான் தண்ணீர்த் திருவிழா முடிந்த கையோடு பிறந்த என் மகளுக்கு, பிறந்த நாளிலிருந்தே நெஞ்சில் கர் கர் என்று இழுப்பு. "இந்தப் பிள்ளைக்கு ஈரம் ஆகவே ஆகாது. மழை பிடிக்கிறதுக்குள்ள படுக்கிற இடத்தைச் சரி பண்ணிடுங்க" என்று டாக்டரம்மா சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வீடு மொத்தமே ஒரு அறையும் ஒரு அடுப்படியும். பிள்ளையை எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது?

என் வீட்டுக்காரர் துறைமுகக் கிட்டங்கியில் கிளார்க். எங்கேயோ இடித்த வீட்டுப் பலகைகளை வாங்கித் தள்ளுவண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். நல்ல பலகை, குறை சொல்ல முடியாது. ஆனால் எங்கே நின்று அடிப்பது? சந்து பக்கத்து வீட்டம்மாவுடையது. அவர்கள் அனுமதி இல்லாமல் அதில் கால் வைக்க முடியாது. அந்த அம்மாவும் என் வீட்டுக்காரரும் பேசி வருஷக்கணக்காகிறது.

எல்லாம் ஒரு தேங்காயால் வந்த வினை. அவர்கள் மரத்துத் தேங்காய் எங்கள் கூரையில் விழுந்து தகரம் நசுங்கிப்போனது. "கூரைக்கு ஈடு" என்று இவர் தேங்காயை எடுத்துவைத்துக்கொண்டார். அந்த அம்மா ஜன்னலில் நின்று "திருடன்" என்றார். இவர் பதிலுக்கு என்னவோ சொன்னார், அதைத் தமிழில் எழுத முடியாது. அன்றைக்குச் சாத்தின ஜன்னல்கள்தான் இரண்டு பக்கமும். அந்தத் தேங்காயில் அரைத்த சட்னிகூடச் சாயங்காலத்துக்குள் ஊசிப்போனது. கணவனை இழந்து தனியாக இருந்த பர்மிய அம்மா அவர். தெருவே அவரை அடோ என்றுதான் கூப்பிடும், நாம் அத்தை என்கிற மாதிரி. இவர் வாயில் மட்டும் அந்தச் சொல் வராது.

"போய்க் கேளுங்க" என்றேன். "அந்தம்மாகிட்டயா? என் உசிரு போனாலும் கேக்க மாட்டேன்" என்றார். உசிர் இவருடையதா, பிள்ளையுடையதா என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

கடைசியில் ஐயா கண்டுபிடித்த வழி, உள்ளே நின்றே அடிப்பது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட வேலைபார்க்கிற ஒருத்தரை அழைத்துவந்தார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலில் உட்கார்ந்துகொண்டேன். ஜன்னலை மட்டும் அப்படியே விட்டு, உளுத்த பலகைகளைப் பிடுங்கிப் போட்டார்கள். கீழ்ப் பலகை முதலில், அதன்மேல் விளிம்பு ஏறுகிற மாதிரி அடுத்தது, அதன்மேல் அடுத்தது. பலகைச் சுவரை எல்லோரும் அப்படித்தான் அடிப்பார்கள், கை பழகின பழக்கம். பொழுது சாய்கிறபோது சுவர் பளிச்சென்று நின்றது. "பார்த்தியா? யார் தயவும் வேண்டியதில்ல" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அன்றைக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்தேன்.

முதல் மழை பகலில் வந்தது. அவர் வேலைக்குப் போயிருந்தார். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு பலகை இணைப்பிலிருந்தும் தண்ணீர் வரிவரியாக உள்ளே இறங்க ஆரம்பித்தது. பழைய சுவராவது ஒழுகியது. இது ஆளை அனுப்பிக் கூப்பிட்ட மாதிரி தண்ணீரை உள்ளே கொண்டுவந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேல் பலகை கீழ்ப் பலகையின் மேல் ஏறவேண்டியது வெளிப்பக்கத்தில். இவர்கள் நின்றது உள்ளே, ஏற்றினதும் உள்பக்கம். வெளியே ஒவ்வொரு பலகையின் மேல்விளிம்பும் மழைக்கு வாயைத் திறந்துகொண்டு நின்றது.

தொட்டிலை அடுப்போரம் இழுத்துப்போட்டேன். அதற்குள் பாய் நனைந்து, துணி நனைந்து, பிள்ளை இரும ஆரம்பித்துவிட்டாள். அவள் விலா உள்ளே இழுத்து இழுத்து வாங்கியது.

அவர் வந்து ஒவ்வொரு இணைப்பாகத் தடவிப் பார்த்தார். அப்புறம் மெதுவாக, "கழட்டி, உள்ளே இருந்தே மாத்தி அடிச்சிடலாம்" என்றார்.

வந்ததே கோபம் எனக்கு. "மரம் உளுக்காம இருக்க வெளியில கறுப்பு எண்ணெய் பூசணுமே, அதை எங்க நின்னு பூசுவீங்க? பலகை இடுக்கு வழியா நாக்கை நீட்டியா? ஒரு தேங்காய்க்காக என் பிள்ளையைப் பறிகொடுக்கச் சொல்றீங்களா?" நான் மகளைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டேன், குடையை எடுத்தேன், அடோ வீட்டுக்குப் போய்விட்டேன்.

என்னென்ன சொல்வார், நான் எப்படி எப்படிக் காலில் விழுவது என்று அந்த நாலடிக்குள் எல்லாம் யோசித்துவைத்திருந்தேன். கதவைத் திறந்தவர் என்னைப் பார்க்கவில்லை, பிள்ளையைத்தான் பார்த்தார். வாங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டு முதுகைத் தடவினார். "அடோ, உங்க சந்துல..." என்று ஆரம்பித்தேன்.

"போய்ப் பாரு" என்றார்.

பின்கதவு வழியாகச் சந்தை எட்டிப்பார்த்தேன். கோடையெல்லாம் இடுப்பளவு அடுக்கியிருக்கிற விறகைக் காணோம். தண்ணீர் ஜாடிகளைக் காணோம். சந்து முழுக்கக் காலி. எங்கள் சுவரில் ஒரு மூங்கில் ஏணிகூடச் சாத்தியிருந்தது.

"அவங்க தப்பா அடிக்கிறப்பவே ஜன்னல் இடுக்குல பார்த்தேன், தமீ" என்றார். தமீ என்றால் மகளே. "சொன்னா உன் புருஷன் சண்டைக்கு வருவான். அதனால மறுநாளே விறகை எடுத்துப் போட்டுட்டேன். மழை வந்தா யாராவது வருவீங்கன்னு தெரியும்."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "அழாதே, பிள்ளை பயப்படும்" என்று அதட்டினார்.

மகளை அன்றிலிருந்து அடோ வீட்டிலேயே தூங்கவைத்தோம். மழை விட்டதும் இவர் தலையைக் குனிந்துகொண்டு அந்தச் சந்துக்குள் நுழைந்தார், பலகைகளைக் கழற்றினார், வெளியே நின்று சரியாக அடித்தார், பலகை காய்ந்த பிறகு கறுப்பு எண்ணெயும் பூசினார். எண்ணெய் மிச்சமிருந்தது. ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி நின்று எதிரே இருந்த அடோ வீட்டுச் சுவருக்கும் பூசினார். அடோவும் ஒரு வார்த்தை பேசாமல் ஜன்னல் திட்டில் டீயை வைத்துவிட்டுப் போனார். நல்ல ஜோடிக் கழுதைகள் என்று நினைத்துக்கொண்டேன்.

சுவர் முடிந்ததும் மகளைத் தூக்கிவந்தோம். அடுத்த மழை அடித்துப் பெய்தது. நான் தொட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இவர் சுவரெல்லாம் உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்த்தார். பொட்டு ஈரம் இல்லை. மகள் மூக்குச் சத்தம்கூட இல்லாமல் தூங்கினாள். எத்தனையோ நாளாக நெஞ்சில் வைத்திருந்த கல்லை யாரோ இறக்கிவைத்த மாதிரி இருந்தது எனக்கு.

அந்த மழையிலும் எதிர் ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்டது. "தண்ணி உள்ளே வருதா?" என்று பர்மியப் பேச்சில் அடோவின் குரல்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் போய் எங்கள் ஜன்னலின் தாழ்ப்பாளை நீக்கினார். துருப்பிடித்திருந்தது, ரெண்டு தட்டு தட்டவேண்டியிருந்தது.

"வரலை, அடோ" என்றார்.