பெட்டியைத் திறந்த நீனா அக்கா

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குச் சற்றுப் பிந்தி, எங்கள் சலவை ஆலையின் பெரிய இஸ்திரி இயந்திரத்தை மேற்பார்வையாளர் நிறுத்தினார். ஏதோ பழுதென்று நினைத்தோம். அவர் கையுறைகளைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, நீனா அன்று விடியற்காலையில் இறந்துவிட்டதாகச் சொன்னார். வேலை நேரத்தில் அந்த இயந்திரம் நின்றதை நான் அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் கண்டிருக்கிறேன். அது மின்சாரம் போன நாள்.

ஒஸ்லோவில் வாழும் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். ஹவுகெட்டோ ரயில் நிலையத்தில் தமிழ்ப் பெண்களைக் கண்டால் "சாப்பிட்டாச்சோ" என்று விசாரிக்கும் ரஷ்யப் பெண் அவர்தான். என் மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டில் பச்சைச் சேலையோடு நின்று கடைசிப் பாத்திரம் வரை கழுவியவரும் அவர்தான். ஆனால் அவர் ஏன் தன் நாட்டை விட்டு வந்தார் என்பது உங்களில் அதிகம் பேருக்குத் தெரியாது. அதைச் சொல்லாமல் அவரை வழியனுப்ப எனக்கு மனமில்லை.

நாங்கள் இருவரும் அரைகுறை நோர்வேஜிய மொழியில்தான் கதைப்போம். ஆனாலும் அவர் சொன்னவை என் காதில் எங்கள் தமிழாகவே தங்கியிருக்கின்றன. அப்படியே எழுதுகிறேன்.

இலங்கையில் சமாதானப் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த காலம். ஊருக்குப் போய்வருவது பற்றி ஆலையில் எல்லோரும் கதைத்தார்கள். அங்கே எனக்கு யார் இருக்கிறார்கள் என்று நீனா அக்கா கேட்டார். அம்மா இருக்கிறா, தம்பி இல்லை என்றேன். அவர் விரிப்பை மடிப்பதை நிறுத்தினார்.

"இல்லை எண்டா? செத்திட்டாரோ, காணேல்லையோ?"

ஏழு வருடங்களில் ஒருவரும் என்னிடம் அப்படி நேராகக் கேட்டதில்லை. சோதனைச் சாவடியில் தம்பியைப் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள், அதன்பின் காணவில்லை என்றேன். அவர் அந்த விரிப்பை மடித்து முடித்தார். அன்று மதிய இடைவேளையில் தன் கதையைச் சொன்னார்.

நோர்வேயின் வடகிழக்கு எல்லைக்கு அப்பால் ஒரு படைநகரில் அவர் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்தவர். ஒரே மகன் அந்திரேய். கட்டாயப் படைச்சேவைக்குப் போனவனைச் செச்சினியாவுக்கு அனுப்பியது தாய்க்குத் தெரியாது. பயிற்சி விபத்தில் இறந்ததாக ஒரு தாளும், மூடி ஒட்டிய துத்தநாகப் பெட்டியும் வந்து சேர்ந்தன.

"பெட்டியைத் திறக்க வேண்டாமெண்டு தாளிலை எழுதியிருந்தது. என்ர அண்ணனைக் கொண்டு திறப்பிச்சனான். உள்ளுக்குக் கிடந்தது வேறை ஆரோ பெத்த பிள்ளை."

படை அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்த அதிகாரி, உங்களுக்கு ஒரு உடல் வேண்டும், தந்தாயிற்றுத்தானே என்று சொன்னாராம். அப்படியானால் இந்தப் பிள்ளையின் தாய்க்கு என்ன கொடுத்தீர்கள் என்று இவர் கேட்டிருக்கிறார்.

இந்த இடத்தில் நான் சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டேன். அவர் தொடர்ந்தார். அந்தப் பிள்ளையைக் குளிப்பாட்டி, தன் மகனுக்கென்று எடுத்து வைத்திருந்த சட்டையைப் போட்டு அடக்கம் செய்தார். சிலுவையில் பெயர் எழுதும் இடத்தை வெறுமையாக விட்டார். அடக்கத்துக்கு முன் அவன் முகத்தைப் படம் எடுத்துக்கொண்டார். பிறகு அந்தப் படத்தையும் மகனின் படத்தையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டார். வைத்தியசாலைகள், முகாம்கள், தெற்கே உடல்களை அடுக்கி வைத்திருந்த குளிரூட்டிய ரயில் பெட்டிகள் என்று இரண்டு வருடங்கள் அலைந்தார். அந்திரேயை ஒரு ரயில் பெட்டியில் கண்டார். உடைந்த முன்பல்லை வைத்து அடையாளம் சொன்னார்.

மகன் கிடைத்த பின்னும் அவர் வீட்டில் இருக்கவில்லை. பெட்டியில் வந்த மற்றப் பிள்ளையின் தாயைத் தேடி மறுபடி வெளிக்கிட்டார். படத்தைக் காட்டி விசாரித்து, யூரல் மலைப்பக்கத்துக் கிராமமொன்றில் அவளைக் கண்டுபிடித்தபோது, அவள் மகன் திரும்பி வருவான் என்று அவனுடைய கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டு வைத்திருந்தாளாம். "நான் படத்தைக் காட்டேல்லை. பக்கத்திலை இருந்தன். அவவே கையை நீட்டினா" என்றார் நீனா அக்கா. இரண்டு பேரும் அந்தக் கட்டிலில் ஒன்றாகப் படுத்து மூன்று நாள் அழுதிருக்கிறார்கள்.

பிறகு வழக்கு. பெட்டியோடு வந்த தாளில் கையெழுத்திட்ட கப்டனை நீதிமன்றத்துக்கு அழைப்பிக்க அவருக்கு மூன்று வருடங்கள் பிடித்தன. வழக்கு தள்ளுபடியானது. ஆனால் கூண்டில் ஏறிய கப்டன், நான் பார்க்காமல் கையெழுத்திட்டேன் என்று சொல்லிவிட்டார். "அவ்வளவு பெரிய நாடு எனக்குச் சொன்ன ஒரே உண்மை அது" என்பார். அதற்குள் செச்சினியாவில் இரண்டாவது போர் தொடங்கியிருந்தது. மற்றத் தாய்மாரையும் சேர்த்துக்கொண்டு அதே கேள்விகளைத் தெருவில் நின்று கேட்டார். பொலிஸார் வீட்டைச் சோதித்தார்கள், அண்ணனைப் பிடித்து அடித்தார்கள். ஒரு பையோடு எல்லை தாண்டி வந்தார்.

ரஷ்யப் போர் விமானங்கள் மறுபடி நோர்வேக் கரையோரமாகப் பறக்கின்றன என்று செய்தி வரத் தொடங்கியபோது ஆலையில் எல்லோரும் பயந்து கதைத்தோம். "அதுக்குள்ளை இருக்கிற பெடியன் எங்கை போறான் எண்டு அவன்ர தாய்க்குத் தெரியாது" என்றார் அவர். அவருடைய கவலை எப்போதும் அங்கேதான் போய் நிற்கும்.

ஜோர்ஜியாவுக்குள் ரஷ்ய டாங்கிகள் நுழைந்த ஆவணி மாதம் நடந்ததை ஆலையில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இடைவேளை அறைத் தொலைக்காட்சியில் அந்தக் காட்சி ஓடியது. இறந்த சிப்பாய்களின் பெயர்களை யார் வெளியிடப் போகிறார்கள் என்று நீனா அக்கா கேட்டார். எங்கள் லொறி ஓட்டுநர் ஒலெக் அவருடைய நாட்டுக்காரர்தான். எழுந்து நின்று, எல்லோருக்கும் விளங்கட்டும் என்று நோர்வேஜிய மொழியில் அவரைத் துரோகி என்றார். அந்தச் சொல்லை எங்கள் பக்கத்திலும் எத்தனை பேருக்குச் சூட்டியிருக்கிறோம். எனக்குத் தலை குனிந்தது. நீனா அக்கா குனியவில்லை. ஊரில் தாயோடு இருக்கும் ஒலெக்கின் மகனுக்கு என்ன வயது என்று கேட்டார். பதினேழு என்றார் ஒலெக். நீனா அக்கா தன் தொலைபேசி இலக்கத்தை ஒரு தாளில் எழுதி அவர் முன்னால் வைத்தார்.

"அவனைப் படைக்குக் கூப்பிட்டா எனக்குப் போன் அடி. ஆரிட்டைப் போக வேணும், என்ன கேக்க வேணும் எண்டு சொல்லித் தாறன்."

அடுத்த வசந்தத்தில் மகனைப் படைக்கு எடுத்தபோது ஒலெக் அவருக்குத் தொலைபேசி எடுத்தார். மகன் இருக்கும் படைப்பிரிவைக் கண்டுபிடிக்க இரண்டு கிழமை அவருக்காகக் கடிதம் எழுதியும் தொலைபேசியில் மன்றாடியும் திரிந்தவர் நீனா அக்கா. பையன் உயிரோடு இருந்தான்.

இவ்வளவையும் பக்கத்தில் நின்று பார்த்த நான் மட்டும் தம்பியைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை. அப்பா படைமுகாம் வாசலுக்குப் போய் விசாரித்தபோது, இப்படியொருவரைப் பிடித்ததாகத் தனக்குத் தெரியாது என்று அவரிடமே எழுதி வாங்கினார்கள். வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள். அவர் கையெழுத்திட்டார். அதன்பின் எங்கள் வீட்டில் தம்பியின் பெயரைச் சத்தமாகச் சொல்வதில்லை. பிறகு அப்பாவும் இறந்துவிட்டார்.

இந்த வைகாசியில் எங்கள் போர் முடிந்த விதம் உங்களுக்குத் தெரியும். நீனா அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் அந்த நாட்களில்தான். வைத்தியசாலையில் அவர் கட்டிலருகே இருந்து, எல்லாம் முடிந்துவிட்டது, இனி யாரிடம் கேட்பது என்றேன்.

"முடிஞ்ச பிறகுதான் கேக்கத் தொடங்க வேணும்" என்றார். "உன்ர அப்பா பயந்தது பிழையில்லை. பயந்துகொண்டும் கேக்கலாம். வழக்குக்குப் போற நாளெல்லாம் நானும் பயந்துகொண்டுதான் போனனான்."

"பதில் வராது அக்கா."

"எனக்குக் கப்டனிட்டையிருந்து ஒரு வசனம் வந்ததுதானே."

இறுதிச் சடங்கில் சவப்பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கியவர்களில் ஒருவர் ஒலெக். மலைப்பக்கத்துக் கிராமத்திலிருந்து அந்தத் தாய் எழுதி அனுப்பியதை அவரே மொழிபெயர்த்து வாசித்தார். பாதியில் அவரால் முடியவில்லை. மிச்சத்தை எங்கள் மேற்பார்வையாளர் வாங்கி வாசித்தார். 'என் மகனுக்கு நீ சட்டை போட்டாய்' என்று அதில் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒஸ்லோவின் ட்வெய்ட்டாவில் உள்ள என் வீட்டிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். தம்பியைப் பற்றி அரசாங்கத்துக்கும் படைத் தலைமைக்கும் எழுதப் போகிறேன், அதனால் படையினர் உங்களைத் தேடி வீட்டுக்கு வரக்கூடும், நீங்கள் ஓம் என்றால்தான் எழுதுவேன் என்றேன்.

"எழுது பிள்ளை" என்றா அம்மா. "அவன்ர முழுப் பேரையும் எழுது."

மகள் கணினியில் தட்டச்சு செய்ய நான் சொல்லச் சொல்ல எழுதினோம். பதின்மூன்று வருடங்களுக்குப் பின் தம்பியின் பெயரை வீட்டுக்குள் சத்தமாகச் சொன்னேன். எழுத்துக்களைச் சரியாகப் போட மகள் இரண்டாம் தடவையும் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

நீனா அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்திருப்பது இந்தக் கேள்வி கேட்கும் பழக்கம். கடிதம் போய்விட்டது. மாசி மாதத்துக்குள் பதில் வராவிட்டால் இரண்டாவது கடிதத்தை எழுதுவேன்.