கொழுந்து லொறியைத் திருப்பியவர்

ஒருவருடைய பொருளை அவரைக் கேளாமலே தமதாக்கிக்கொள்வதைக் குறிக்க ஆங்கிலத்தில் எத்தனை வினைச்சொற்கள் உண்டென்று எனக்குத் தெரியும். எழுபதுகளின் பிற்பகுதியில், தலவாக்கலையில் ஆங்கில ஆசிரியராக இருந்தபோது, அவற்றை மேல் வகுப்புக்குக் கற்பிப்பதில் எனக்குத் தனி விருப்பம் இருந்தது. அகராதியை ஒப்பிப்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. உதாரணங்களை மாணவர்களே தரவேண்டும் என்பேன். அத்துமீறி நுழைவதைச் சொல்லும் 'டிரெஸ்பாஸ்' துரை பங்களாவின் வாசற்பலகையில் எழுதியிருந்ததால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 'என்குரோச்' என்றதும் ஒரு பையன் எழுந்து, தன் தாயின் அவரைப் பந்தல் ஒவ்வொரு மழைக்கும் ஒரு சாண் தேயிலைப் பக்கம் நகர்வதாகச் சொன்னான். 'யூஸர்ப்' என்ற சொல்லுக்கு ஒரு பெண், தீபாவளிக்கு விருந்தாக வந்த சின்னம்மா இன்னும் தங்கள் அடுப்படியை ஆண்டுகொண்டிருப்பதைக் கூறினாள். முழுமதிப்பெண் கொடுத்தேன்.

அரசாங்கம் தேயிலைத் தோட்டங்களைப் பொறுப்பேற்ற புதிது அது. தோட்டங்களை நிர்வகித்த வெள்ளைக்காரத் துரைமார் போய், கொழும்புக் கல்லூரிகளில் படித்த சிங்களத் துரைமார் வந்திருந்தார்கள். எங்கள் தோட்டத்துத் துரை கண்ணியமான மனிதர். ஆனால் தமிழ் அவருக்குக் காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் அளவுக்குத்தான் வரும். நான் அந்தத் தோட்டத்துக் குவாட்டர்ஸில் குடியிருந்தேன். என் உத்தியோகத்துக்காக அது கிடைக்கவில்லை. என் மனைவி அங்கே மருத்துவிச்சியாக இருந்தாள். வீடு அவளுக்குக் கொடுக்கப்பட்டது.

ஒரு நாள் காலை துரை தோட்ட ஆபீசுக்கு வரச்சொல்லி ஆளனுப்பினார். கொழுந்து லொறி டிரைவர் மீது விசாரணை. மொழிபெயர்க்க வேண்டும் என்றார். வழக்கமாக அதைச் செய்பவர் பெரிய கிளாக்கர். இம்முறை குற்றஞ்சாட்டியவரே அவர் என்பதால் வேறொருவர் தேவைப்பட்டார். சொன்னதைச் சொன்னபடியே, கூட்டாமலும் குறைக்காமலும் மொழிபெயர்ப்பவன் என்று எனக்கொரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை நான் பெரிதாக மதித்தேன்.

குற்றச்சாட்டு இது: முந்தின நாள் மாலை, மலையிலிருந்து தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோருக்குப் போய்க்கொண்டிருந்த லொறியைக் கொழுந்தெடுக்கும் பெண்கள் நால்வர் நிறுத்தினார்கள். கொழுந்துச் சாக்குகளைப் பாதையோரம் இறக்கிவைத்தார்கள். பிரசவ வேதனையில் இருந்த ஒருத்தியை ஏற்றித் தலவாக்கலை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. கொழுந்து சூடேறிச் சிவந்து வீணாய்ப்போனது. கொழுந்து லொறியில் ஆட்களை ஏற்றக்கூடாது என்பது சட்டம். டிரைவர் தானாக ஏற்றியிருந்தால் வேலை போய்விடும். பெரிய கிளாக்கர் தம் முறைப்பாட்டில் 'ஹைஜாக்' என்ற சொல்லைப் போட்டிருந்தார். விமானங்களைக் கடத்துவதற்குப் பத்திரிகைக்காரர் பயன்படுத்தும் சொல் அது.

எனக்கோ அந்தப் பிரசவம் புதிய செய்தி இல்லை. இரவு வீடு திரும்பிய மனைவி, "ஆம்பளப் புள்ள பொறந்திருக்குங்க. நல்லவேளை, லொறி கெடைச்சுச்சு" என்று மட்டும் சொல்லிப் படுத்துவிட்டாள். எப்படிக் கிடைத்தது என்று நான் கேட்கவில்லை.

"நீ லொறியைக் கொடுத்தாயா, அவர்கள் எடுத்தார்களா?" என்று துரை கேட்டார்.

டிரைவர் நல்ல உயரம், முறுக்கிய மீசை. "நான் யாருக்கும் குடுக்கவும் இல்லீங்க, எங்கிட்டருந்து யாரும் புடுங்கவும் இல்லீங்க. லொறி போச்சு. நானும் போனேன்" என்றார்.

அப்படியே மொழிபெயர்த்தேன். துரை பேனாவை மேசைமேல் வைத்தார்.

விசாரணைக்கு வரவழைக்கப்பட்டிருந்த அந்த நான்கு பெண்களில் மூத்தவள் பொறுக்கமாட்டாமல் முன்னே வந்தாள். "ஏண்ணே மழுப்புறீங்க? நாங்கதான் குறுக்க நின்னு மடக்குனோம். சாக்கெல்லாம் நாங்கதான் எறக்குனோம். இவரு வேணாம் வேணாம்னு கத்துனாருங்க தொரை."

"நான் எப்பம்மா கத்துனேன்?"

"சும்மா கத்துனேன்னு சொல்லுங்கண்ணே!"

"நாலு பொம்பளைங்க லொறிய புடுங்கிட்டாங்க, இவன் கத்திக்கிட்டு நின்னான்னா, ஸ்டோர்ல எவன் என்னைய மதிப்பான்?"

"மீசைய வச்சு ஒல வைக்க முடியாதுண்ணே. வேல போயிட்டா அண்ணிக்கு என்னா பதில் சொல்லுவீங்க?"

இதையும் மொழிபெயர்த்தேன். மீசையைச் சொல்லும்போது துரை சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'கொடுத்தார்' என்று பதிவானால் டிரைவருக்கு வேலை இல்லை. பலவந்தமாகப் பறித்தார்கள் என்று பொருள்படும் 'சீஸ்' பதிவானால் அவர் தப்புவார். நான்கு பெண்களும் பொலிசுக்குப் போகவேண்டிவரும். அந்தப் பெண்களுக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் பலவந்தத்தைத் தங்கள் தலையில் ஏற்றிக்கொண்டு நின்றார்கள்.

அப்போது வாசலில் குடையை மடக்கும் ஓசை கேட்டது. என் மனைவி, வேலைக்குரிய வெள்ளைச் சேலையில்.

"தொரைகிட்ட சொல்லுங்க" என்றாள் என்னைப் பார்த்து. "இவங்க கையக் காட்டி நிறுத்துனது நெசம். ஆனா சாக்க எறக்குங்க, வண்டிய ஆஸ்பத்திரிக்குத் திருப்புங்கன்னு சொன்னது நான். மருத்துவிச்சியா நின்னுதான் சொன்னேன். அதுக்கப்புறம் டிரைவர் என்னா செய்வாரு?"

நான் முதலில் துரையிடம், இவர் என் மனைவி என்றும், இனி நான் மொழிபெயர்ப்பது முறையாகாது என்றும் கூறினேன். துரை ஒரு கணம் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "தொடருங்கள். தவறினால் கிளாக்கர் திருத்தட்டும்" என்றார். பெரிய கிளாக்கர் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டார்.

அவள் சொன்னவற்றை ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் கூறினேன். பதிவு செய்ய ஒரே வினைச்சொல்லில் தாருங்கள் என்று துரை கேட்டார். அதற்கு ஒரு சொல் இருந்தது: 'கொமாண்டியர்'. கடமையில் இருக்கும் அதிகாரி ஆபத்து வேளையில், உடையவரின் அனுமதிக்குக் காத்திராமல், ஒரு வண்டியைப் பொதுத்தேவைக்காக எடுத்துக்கொள்வது. யுத்த காலங்களில் படைத்தளபதிகள் செய்வது.

"அந்தச் சொல்லுக்கு ஓர் அதிகாரி வேண்டுமே" என்றார் துரை. "லொறியின்மேல் மருத்துவிச்சிக்கு என்ன அதிகாரம்?"

கேள்வியை அவளிடம் தமிழில் வைத்தேன். வீட்டில் ஒருபோதும் சொல்லாத 'நீங்கள்' போட்டுத்தான் கேட்டேன். அவள் சிரிப்பை உதட்டுக்குள் அடக்கிக்கொண்டாள்.

"லொறி மேல ஒண்ணும் இல்லீங்க. அந்தப் புள்ளத்தாச்சி மேல இருக்கு. அவளக் காப்பாத்தத்தானே தோட்டம் எனக்குச் சம்பளம் குடுக்குது? நடுப்பாதையில வலி வந்தா கையில கெடைக்கிறத எடுத்துத்தான் ஆகணும்."

மொழிபெயர்த்தேன். துரை கிளாக்கரைப் பார்த்தார். அவர் குறை காண எவ்வளவோ முயன்றிருப்பார். "சரியாத்தான் சொல்லியிருக்காருங்க" என்றார் கடைசியில்.

துரை எழுதினார். டிரைவர் உத்தரவுக்குக் கட்டுப்பட்டே சென்றார், வேலைக்குத் திரும்பலாம். பெண்கள் மலைக்குப் போகலாம். மருத்துவிச்சி மட்டும் இனி இப்படி நேர்ந்தால் முதலில் பங்களாவுக்குச் சொல்லியனுப்ப வேண்டும்.

"சொல்லியனுப்புன ஆளு திரும்பி வர்றதுக்குள்ள புள்ள பொறந்து பேரே வச்சிருவாங்கன்னு சொல்லுங்க" என்றாள்.

துரையின் முகத்தைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். பிறகு ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தேன். துரை வாய்விட்டுச் சிரித்து, "அப்படியானால் போகிற வழியில் சொல்லியனுப்பட்டும்" என்று கோப்பை மூடினார்.

வெளியே டிரைவர் என்னை ஓரமாக அழைத்தார். "மாஸ்டர், அந்த இங்கிலீசுச் சொல்லுல நாலு பொம்பளைங்க வர்றாங்களா?"

"இல்லை. ஓர் அதிகாரி மட்டும்தான் வருவார்."

"அப்பச் சரிங்க" என்றார் நிம்மதியாக. பிறகு என் மனைவி இருந்த பக்கம் திரும்பி, இராணுவத்தில் செய்வதுபோல் நெற்றிக்குக் கையை உயர்த்தினார். நான்கு பெண்களும் கூடைப் பட்டிகளை நெற்றியில் மாட்டியபடியே கெக்கலித்தார்கள். அவளும் சிரித்தாள். என் கௌரவத்தை முன்னிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரித்தாள்.