சின்ன அட்டையில் போன சட்டப் புத்தகம்

ஆளைப் பார்த்த மாத்திரத்தில் அவருக்கு எந்தப் புத்தகம் பிடிக்கும் என்று சொல்லிவிடுவேன் என்ற திமிர் எனக்கு அந்த நாளில் நிறையவே இருந்தது. இருபத்து மூன்று வயது. முதல் வேலை. வெண்ணாற்றிலிருந்து பிரியும் வாய்க்கால் ஒன்றின் கரையில் இருந்த ஊரில் கிளை நூலகர். நூலகம் என்றால் பெரிய கட்டடம் எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஊர் மிராசுதாருடைய நெல் கிடங்கின் முன்னறை, அவ்வளவுதான். வாடகை வாங்கமாட்டார். சாவி அவர் வீட்டு ஆணியில் தொங்கும். பக்கத்து அறையில் நெல் மூட்டை, இந்தப் பக்கம் நான்.

வயதுக்கு ஏற்ற புத்தகம் கொடுப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை. பத்து வயதுக்குள் என்றால் பெரிய எழுத்து, பெரிய படம். பள்ளிக்கூடம் முடித்துவிட்டு சைக்கிளில் சுற்றும் பையன்களுக்குத் துப்பறியும் கதை. முதல் பக்கத்திலேயே ஒரு பிணம் விழுந்தாக வேண்டும். ரிடையரான தபால்காரருக்கு மூலிகை வைத்தியம். மிராசுதாருக்கு வேட்டைக் கதை. அறுபது வயதில் அந்த மனிதர் ஈஸிசேரில் படுத்தபடி வாரத்துக்கு ஒரு புலியைச் சுட்டுக்கொண்டிருந்தார்.

புத்தகம் வெளியே போனால், எடுத்தவருடைய உறுப்பினர் அட்டையில் அதைப் பதிந்து போட்டு வைக்க என்னிடம் இரண்டு பெட்டிகள். பெரியவர்களுக்குத் தேக்குமரத் தட்டு. குழந்தைகளுக்கு ஒரு பழைய பிஸ்கட் டப்பா. குழந்தை அட்டைக்குக் குழந்தைகள் அலமாரிப் புத்தகம் மட்டும்தான் என்பது விதி. பெரியவர்கள் உறுப்பினராக வேண்டுமானால் சொத்துள்ளவர் ஒருவர் பிணைக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் ஊரில் அந்தக் கையெழுத்து என்றால் மிராசுதாருடைய கையெழுத்துதான்.

நாலாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் தினமும் சாயங்காலம் வருவாள். என்ன படிப்பு அது, அடேயப்பா! குழந்தைகள் அலமாரியை மேலிருந்து கீழ் வரை இரண்டு தடவை முடித்திருந்தாள். ஒருநாள் மேஜையைப் பிடித்துக்கொண்டு எம்பி நின்று கேட்டாள்.

"டீச்சர், நெலத்தப் பத்தி ஒரு புஸ்தகம் வேணும்."

எனக்கு ஒரே குஷி. புதிதாக வந்த புத்தகக் கட்டிலிருந்து மண்புழுவைப் பற்றிய படப் புத்தகத்தை எடுத்து நீட்டினேன். மண்ணை அது எப்படிப் பொலபொலப்பாக்கும், வேருக்கு எப்படிக் காற்று போகும், எல்லாம் வண்ணப் படத்தோடு. ஒன்பது வயதுக்கு இதைவிடப் பொருத்தமாக யாரால் கொடுக்க முடியும் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

மறுநாளே திருப்பிக் கொண்டுவந்துவிட்டாள். முகத்தில் சிரிப்பில்லை.

"இதுல புழுதான் டீச்சர் இருக்கு. எங்கப்பாவ வயல விட்டுப் போவச் சொல்றாங்க. போவணுமா வேணாமான்னு இதுல போடல."

எனக்குப் பளாரென்று யாரோ அறைந்த மாதிரி இருந்தது. வாசலுக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். படிக்குக் கீழே, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவள் அப்பா நின்றிருந்தார். "உள்ள வாங்க" என்றேன். "இருக்கட்டுங்கம்மா" என்று அங்கேயே நின்றார். மிராசுதார் கிடங்குக்குள் அவர் மூட்டையோடு நுழைந்திருக்கிறாரே தவிர வெறுங்கையோடு நுழைந்ததில்லை.

விஷயம் இதுதான். மிராசுதாருடைய நிலத்தில் மூன்று மா, சுமார் ஒரு ஏக்கர், அவள் அப்பா பதினெட்டு வருஷமாகக் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறார். எழுத்து எதுவும் கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு. குறுவை அறுத்ததும் வயலை விட்டுவிடு, நீ குத்தகைக்காரன் இல்லை, கூலியாள்தான் என்று மிராசுதார் தரப்பில் சொல்லிவிட்டார்கள். அது குத்தகைக்காரர்களின் பெயரைப் பதிவு செய்யும் சட்டம் வந்திருந்த நேரம். கருப்பு சிவப்புக் கொடி, செங்கொடி, இரண்டு மேடையிலும் அதைத்தான் முழங்கினார்கள். கைதட்டிவிட்டு வீட்டுக்கு வந்தவர்களுக்கு மனுவில் என்ன எழுதுவது, யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை. மனுக் கொடுக்க அந்த மாதக் கடைசி வரைதான் கெடு.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. மண்புழு வந்த அதே புத்தகக் கட்டுக்குள் சர்க்கார் வெளியிட்ட ஒரு சின்னப் புத்தகமும் இருந்தது. குத்தகைப் பதிவுச் சட்டத்துக்கு எளிய விளக்கம், பின்பக்கத்தில் மனு மாதிரி. ஒரே ஒரு பிரதி. பாய்ந்து போய் எடுத்தேன். எடுத்த பிறகுதான் கை நின்றது. யார் பேரில் கொடுப்பது? அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. அட்டையும் கிடையாது. பிணைக் கையெழுத்துக்கு அவர் யாரிடம் போய் நிற்பார்? அவரைப் போகச் சொன்னவரிடமேவா?

பயமாக இருந்தது, பொய் சொல்வானேன். மிராசுதார் ஒரு வார்த்தை சொன்னால் என் நூலகம் தெருவுக்கு வந்துவிடும். ஆனால் அந்தப் பெண் எம்பி எம்பி அந்தப் புத்தகத்தின் மேலட்டையை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். விதியாவது மண்ணாவது! அவளுடைய குழந்தை அட்டையிலேயே பதிந்து, பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினேன். அப்படி ஒரு சந்தோஷம் அந்த வேலையில் எனக்கு அதற்கு முன் வந்ததே இல்லை.

மறுநாளிலிருந்து அவர்கள் இருவரும் வரப்பில் உட்கார்ந்து படித்தார்கள். மகளுக்கு எழுத்து தெரியும், பொருள் தெரியாது. அப்பாவுக்கு வாரம், குத்தகை, அடங்கல், பசலி என்று நிலக் கணக்குச் சொல் எல்லாம் தலைகீழ்ப் பாடம், எழுத்துதான் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முழு வாசகர். புரியாத வரி வந்தால் அவள் என்னிடம் ஓடி வருவாள். ஒருநாள் வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள்.

"டீச்சர்! வாய்ப்பேச்சுக் குத்தகைக்கும் மனுப் போடலாமாம்! போட்டிருக்கு! அப்பா அந்த வரிய நாலு தரம் படிக்கச் சொன்னாரு!"

"மெதுவாப் பேசு, பொண்ணே" என்று அவள் வாயைப் பொத்தினேன். நானும் கத்தியிருப்பேன், ஆனால் பக்கத்து அறையில் மிராசுதாரின் ஆட்கள் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

புத்தகத்தைத் திருப்பித் தர வேண்டிய பதினாலு நாள் கெடு முடிகிற அன்று மிராசுதாரே வந்துவிட்டார். புலிப் புத்தகத்தை மேஜையில் வைத்தார்.

"ஏம்மா, குத்தகைச் சட்டம்னு சர்க்கார் புஸ்தகம் ஒண்ணு வந்திருக்காமே? தஞ்சாவூர்ல வக்கீல் சொன்னாரு. எடு பாப்போம்."

"வெளியில போயிருக்குங்கய்யா."

"யாருகிட்ட?"

"அதைச் சொல்லக் கூடாதுங்க. விதி."

"என் கிடங்குல உக்காந்துக்கிட்டு எனக்கே விதியா?" சிரித்துக்கொண்டேதான் சொன்னார். தேக்குத் தட்டைத் தன் பக்கம் இழுத்து அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். "இதுல இருக்கற அத்தனை பேருக்கும் கையெழுத்துப் போட்டதே நான்தானே. இதுல இல்லாத ஆளு எவன் எடுத்திருக்கப் போறான்?"

அவருடைய முழங்கை பிஸ்கட் டப்பாவை இடித்துக்கொண்டிருந்தது. கடைசி அட்டை வரை பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளினார். "சரி, வந்ததும் எனக்குத்தான். எழுதிக்க." முன்பதிவு நோட்டில் அவர் பெயரை எழுதினேன்.

எழுதி மை காயவில்லை, அந்தப் பெண் உள்ளே வந்தாள். கையில் அதே புத்தகம்! பள்ளிக்கூடப் புத்தகம் போலவே தினத்தாளில் அட்டை போட்டு, மேலே தன் பெயரையும் நாலாம் வகுப்பு என்பதையும் எழுதி ஒட்டியிருந்தாள். மிராசுதாரைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றாள். பிறகு நேராக என்னிடம் வந்தாள்.

"டீச்சர், இன்னும் நாலு பக்கம் இருக்கு. இன்னொரு வாரம் போட்டுக் குடுங்க."

வேறொருவர் முன்பதிவு செய்த புத்தகத்தை நீட்டித்துக் கொடுக்கவே கூடாது. நானே இப்போதுதான் விதி பேசியிருந்தேன். "அது வந்து, பாப்பா, அதை வேற ஒருத்தர் கேட்டிருக்காங்க" என்று இழுத்தேன்.

"அட என்னம்மா நீ" என்று மிராசுதார் குறுக்கிட்டார். "குழந்தை ஆசையாக் கேக்குது. கேட்டவன் ஒரு வாரம் பொறுக்க மாட்டானா? போட்டுக் குடு." அவள் பக்கம் குனிந்தார். "என்ன கதை பாப்பா?"

"கதை இல்லீங்க. நெலத்தப் பத்தி."

"நல்லாப் படி. படிச்சாத்தான் முன்னுக்கு வரலாம்."

தேதி முத்திரையை எடுத்து டப்பென்று குத்தினேன். முத்திரை கோணலாக விழுந்தது. அவர் போன பிறகு நாங்கள் இருவரும் அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்துக்கொண்டே எனக்கு அழுகையும் வந்தது.

மூன்றாம் நாள் அவள் அப்பா தாலுகா ஆபீசில் மனுவைக் கொடுத்துவிட்டார். வாரம் முடிந்ததும் புத்தகம் என்னிடம் வந்தது. முன்பதிவு முன்பதிவுதான். நானே எடுத்துக்கொண்டு மிராசுதார் வீட்டுக்குப் போனேன். அன்று காலையில்தான் அவருக்கு விசாரணை நோட்டீஸ் வந்திருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தினத்தாள் அட்டையைப் பார்த்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இந்த அட்டைய நான் பாத்திருக்கேனே."

"ஆமாங்கய்யா. நீங்கதான் போட்டுக் குடுக்கச் சொன்னீங்க."

மடியிலிருந்த நோட்டீஸை மடித்தார். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னார். "கிடங்கக் காலி பண்ணிடு. இந்தப் புஸ்தகம் இங்கயே இருக்கட்டும். மாசக் கடைசி வரைக்கும் யாருக்கும் போவ வேணாம்."

"வச்சுக்கங்கய்யா" என்றேன். எனக்கும் கோபம் வந்துவிட்டது. "யாரும் காத்துக்கிட்டு இல்ல. அந்தப் பொண்ணு முழுசையும் கோடு போட்ட நோட்டுல எழுதி வச்சிருக்கு. கடைசி நாலு பக்கம் எழுதத்தான் அந்த ஒரு வாரம். நோட்டு இப்ப தெரு முழுக்கச் சுத்துது."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

அந்த வாரமே குத்தகைக்காரர்கள் இரண்டு மாட்டுவண்டி கொண்டுவந்து அலமாரிகளை ஏற்றினார்கள். பள்ளிக்கூடத்தின் பின்னறை கிடைத்தது. மழை பெய்தால் ஒழுகும் அறை. அங்கே அவள் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

விசாரணை நடந்தது. கூலியாள்தான் என்று மிராசுதார் தரப்பில் சாதித்துப் பார்த்தார்கள். அக்கம்பக்கத்து வயல்காரர்கள் எட்டுப் பேர் சாட்சி சொன்னார்கள். தை பிறப்பதற்குள் மூன்று மாவுக்கும் குத்தகைப் பதிவேட்டில் அந்தப் பெண்ணின் அப்பா பெயர் ஏறிவிட்டது. அதைச் சொல்ல அந்தப் பெண் வயலிலிருந்து ஓடி வந்தாள், முழங்கால் வரை சேறு. மூச்சு வாங்கச் சொல்லி முடித்தாள். நான் அவளைத் தூக்கிச் சுற்றினேன், என் புடவையெல்லாம் சேறு.

இறங்கியதும் நேராகக் குழந்தைகள் அலமாரிக்குப் போனாள். தேடினாள். கிடைக்கவில்லை. திரும்பி வந்து மேஜையைப் பிடித்துக்கொண்டு எம்பினாள்.

"டீச்சர், அந்த மண்புழுப் புஸ்தகம் எங்க? அன்னைக்கு நான் சரியாப் படிக்கல."