பதினோரு மணிப் பூ

விதைப் பண்ணையில் அவளைக் குழாயக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். களையெடுக்க வந்தவள். பூசணிப் பூவின் தேனை அளக்க ஆள் வராத ஒரு நாளில், துடைப்பக் குச்சியின் தடிமன்கூட இல்லாத கண்ணாடிக் குழாயை அவள் கையில் கொடுத்தார்கள். பன்னிரண்டு வருஷமாக அது கைமாறவில்லை.

மறுநாள் விரியப் போகும் மொட்டுகளுக்குச் சாயங்காலமே வலைப்பை மாட்டிக் கட்டுவாள். தேனீ தொட்டால் கணக்கு கெட்டுவிடும். விடிந்ததும் அவிழ்த்து, பூவின் அடிக்கிண்ணத்தில் குழாய் நுனியை வைத்தால் தேன் தானாக ஏறும். குழாயில் எத்தனை கோடு ஏறியது என்று நோட்டில் குறிப்பாள். இலை வெயிலில் சமைத்த சர்க்கரையைச் செடி ஒன்றும் தர்மத்துக்கு ஊற்றி வைப்பதில்லை. அந்தத் தேனுக்காக அடிவரை இறங்கும் தேனீயின் மேல் மகரந்தம் ஒட்ட வேண்டும், அடுத்த பூவுக்குப் போக வேண்டும், அப்போதுதான் காய். எந்த ரகத்துக்குத் தேனீ வரும் என்பதை அவள் நோட்டைப் பார்த்துத்தான் சொல்வார்கள்.

வீடு என்பது மாடியில் ஓர் அறை. கணவர் போய் ஆறு வருஷம். மகனுக்கு வேலை வெளியூரில்.

அந்தச் சனிக்கிழமை விடியலின் முதல் பஸ்ஸில் வருகிறேன் என்றிருந்தான். பிளாஸ்க்கில் டீயும் இரண்டு டம்ளருமாக ஐந்தரைக்கே பஸ் ஸ்டாண்டில் போய் நின்றாள். பஸ் வந்தது. அடுத்ததும் வந்தது, அதற்கடுத்ததும். ஒன்பதரைக்கு போன்.

"லீவு கிடைக்கலம்மா. சொல்ல மறந்துட்டேன்."

"பரவாயில்லப்பா."

பண்ணைக்குப் போகும்போது மணி பதினொன்று. பூக்கள் வாய் மூடத் தொடங்கியிருந்தன. பைகள் கட்டியது கட்டியபடி இருந்தன. ஆனால் வழக்கமாகப் பத்துக் கோடு ஏறும் குழாயில் அரைக் கோடுகூட ஏறவில்லை. பார்த்ததைப் பார்த்தபடி, மணியோடு எழுதிவைத்தாள்.

திங்கட்கிழமை அதிகாரி நோட்டைத் தள்ளினார். "லேட்டா வந்தது ஒண்ணு. பையையும் சரியாக் கட்டல, தேனீ பூந்து குடிச்சிருக்கு. வயசாச்சும்மா. பேசாம களையெடுக்கவே போங்க."

"ஒவ்வொரு முடிச்சும் நான் போட்டது சார். ஒரே ஒரு காலை குடுங்க. என் மேல தப்புன்னா நானே போயிடறேன்."

அன்று மாலை முப்பது மொட்டுக்குப் பை கட்டினாள். மறுநாள் விடியலில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்னக்கா, பூவுக்குக் காவலா? அப்ப எனக்கு எதுக்குச் சம்பளம்?" என்றார் காவல்காரர்.

"நீ குறட்டை விடறதுக்கு."

சிரித்துக்கொண்டே அவர் போனபின் பேச ஆளில்லை. ஒவ்வொரு மணிக்கும் ஐந்து புதுப் பூவாக அவிழ்த்தாள். ஆறு மணிக்குப் பத்துக் கோடு, ஏழுக்கும் எட்டுக்கும் பதினொன்று, ஒன்பதுக்கு ஏழு, பத்துக்கு மூன்று. தேனீக்கள் வலையில் முட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பாத்திக்குப் போயின. ஒன்றுகூட உள்ளே நுழையவில்லை.

பதினோரு மணிப் பைகளை அதிகாரியையே அவிழ்க்கச் சொன்னாள். குழாய் நுனி ஈரமானது, அவ்வளவுதான்.

"காஞ்சிருக்கும்மா."

"காஞ்சா சர்க்கரை ஒட்டியிருக்கும். தொட்டுப் பாருங்க சார், பிசுக்கே இல்ல. யாரும் வரலைன்னதும் செடியே திரும்ப எடுத்துக்குது."

அவர் விரலைத் தேய்த்துப் பார்த்தார். "இத்தனை வருஷமா இது கண்ணுல படலியா?"

"ஆறு மணிக்கு அளந்துட்டுப் போயிடுவேன் சார். அப்புறம் திரும்பிப் பாத்ததே இல்ல."

"இனிமே பதினொண்ணு வரைக்கும் அளங்க" என்று நோட்டை அவள் கையிலேயே கொடுத்தார்.

அன்று வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் சற்று நேரம் நின்றாள். சொல்வதற்கு விஷயம் இருந்தது.

வியாழக்கிழமை மகன் பேசினான். "இந்தச் சனி கண்டிப்பா வரேம்மா. அதே பஸ்."

"வாப்பா. ஆனா நான் பஸ் ஸ்டாண்டுக்கு வரல. பதினொண்ணு வரைக்கும் வேலை இருக்கு. சாவி மாடிப்படிக்குக் கீழ வாளிக்குள்ள இருக்கும்."

"சரிம்மா" என்று வைத்துவிட்டான். என்ன வேலை என்று கேட்கவில்லை.

சனிக்கிழமை விடியலில் பிளாஸ்க்கோடு ஒரு டம்ளரை மட்டும் பைக்குள் வைத்தாள். மற்றதில் டீத்தூளும் சர்க்கரையும் போட்டு, எறும்பு அண்டாமல் தட்டால் மூடி, அடுப்பருகே வைத்துவிட்டுக் கிளம்பினாள்.