குளத்தில் ஓடிய பனிப்படகு

அந்தப் புகைப்படத்தில் நான் பார்க்க நன்றாக இருந்துவிட்டேன். வினை அதில்தான் தொடங்கியது. உறைந்த ஏரி, அதன் மேல் மூன்று இரும்புத் தகடுகளில் நிற்கும் ஒரு நீளமான மரப்படகு, அதற்குள் கால்நீட்டிச் சாய்ந்தபடி நான். தலையில் ஹெல்மெட், கையில் பாயின் கயிறு. முப்பத்திரண்டு வருடம் திண்டுக்கல்லில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்ற ஆள் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

குளிர்நாட்டில் வேலை பார்க்கும் மகள் வீட்டுக்கு நானும் மனைவியும் போயிருந்தபோது எடுத்தது அது. பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருந்தார். கார் நிறுத்தும் கொட்டகையில் தானே செய்த பனிப்படகை வைத்திருந்தார். அவருக்குப் பொழுது போகவேண்டும், எனக்கும் போகவேண்டும். மூன்று வாரம் அந்தக் கொட்டகையில் அவருக்கு எடுபிடி வேலை பார்த்தேன். தகடுகளை அரம் கொண்டு கூர்தீட்டும்போது பிடித்துக்கொண்டேன். விரிசல் விட்ட குறுக்குப் பலகைக்குப் பசை தடவிக் கொடுத்தேன். கடைசியில் அவர் மனமிரங்கி என்னை முன்னால் உட்காரவைத்து ஏரியில் ஒரு சுற்றுக் கூட்டிப்போனார்.

அந்தச் சுற்றைப் பற்றி என்னால் அதிகம் சொல்ல முடியாது. கண்ணை மூடியிருந்தேன். காற்றை விட வேகமாகப் போனோம் என்று அவர் பிறகு சொன்னார். பாதி ஏரி வரை "மாதாவே மாதாவே" என்று நான் கத்தியது கரையில் நின்ற மனைவிக்குக் கேட்டிருக்கிறது. இறங்கிய பிறகு, பாயைச் சுருட்டிவைத்து நின்றுகொண்டிருந்த படகில் என்னைத் தனியாக உட்காரவைத்து மகள் எடுத்ததுதான் அந்தப் படம். பாய்மரத்தில் பாய் இல்லை என்பது தெரியாதபடி தலைக்கு மேல் கொஞ்சம் வானத்தோடு வெட்டி, சட்டம் போட்டு, வீட்டுக் கூடத்தில் மாட்டியது நான்.

ஊருக்குத் திரும்பிய வைகாசியில் எங்கள் வீட்டு இரும்புக் கேட்டின் கீல் உடைந்தது. சரிசெய்ய வெல்டிங் பட்டறைக்காரர் வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். தண்ணீர் குடிக்க உள்ளே வந்தவர் படத்தின் முன்னால் நின்றுவிட்டார்.

"ஏனுங்க சார், இதுக்கு இஞ்சின் எங்கீங்க இருக்குது?"

"இஞ்சினே கிடையாதுண்ணே. காத்துதான்."

"காத்துலயா! ஓட்டுனது யாருங்க?"

ஒரே ஒரு சொல்தான். "நாந்தான்" என்றேன். சமையலறையில் மனைவி பாத்திரத்தைச் சற்றுப் பலமாக வைத்த சத்தம் கேட்டது. அவள் அந்தச் சமயத்தில் வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முப்பது வருடத்தில் எனக்கு அவள் கொடுத்த பெரிய தண்டனை அதுதான்.

பத்து நாள் கழித்துப் பட்டறைக்காரர் தானாகவே வந்தார். கையில் ஒரு சிமெண்ட் சாக்குக் காகிதம், அதில் பென்சிலால் வரைந்த படம். பனி இல்லாவிட்டால் என்ன, தகட்டுக்குப் பதில் சக்கரம் போட்டால் போகிறது என்றார். தாடிக்கொம்பு தாண்டி ஒரு குளம் காய்ந்து சிமெண்ட் தரை மாதிரிக் கிடக்கிறதாம். ஆடி பிறந்தால் காற்றுக்குக் கேட்கவே வேண்டாம்.

"ஓட்டத் தெரிஞ்ச ஆளு நீங்க இருக்கீங்க. செய்யறதுக்கு நான் இருக்கறேன். வேற என்னங்க வேணும்?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல், குறுக்குச் சட்டத்தை இன்னும் அரையடி நீட்டச் சொன்னேன், தெரிந்தவன் மாதிரி.

ஆனி முழுக்க பட்டறையில் கழிந்தது. நீளவாட்டில் ஒரு சதுரக் குழாய், பின்பக்கம் குறுக்கே ஒன்று. குறுக்குக் குழாயின் இரண்டு முனையிலும் சைக்கிள் சக்கரம், முன்னால் காலால் திருப்ப ஒரு சின்னச் சக்கரம். இருக்கைக்குப் பழைய பிளாஸ்டிக் நாற்காலியின் காலை அறுத்தோம். பாய்மரத்துக்கு அலுமினியக் குழாய் கிடைத்தது. பாய்க்குத்தான் திண்டாட்டம். தார்ப்பாய் கனம், வேட்டி தாங்காது. கடைசியில் பட்டறைக்காரர் எங்கிருந்தோ ஒரு ஃபிளெக்ஸ் பேனர் கொண்டுவந்தார். யாருடைய வீட்டுக் காதணி விழாவுக்கோ வைத்தது. முக்கோணமாக வெட்டியதில் காது குத்திய குழந்தை போய்விட்டது. கூலிங்கிளாஸ் போட்ட தாய்மாமன் மட்டும் முழுசாக மிஞ்சினார், படுக்கைவாட்டில்.

"திருப்பித் தைக்கலாமே" என்றேன்.

"திருப்புனா துணி பத்தாதுங்க சார். அவரு படுத்துட்டே வரட்டும்."

ஓரத்தை மடித்துத் தைத்துக் கொடுத்தவள் என் மனைவி. தைத்து முடித்து நூலைக் கடித்துக்கொண்டே, "நீங்களா எறங்கீருவீகளா, எறக்கிவிட ஆளு வேணுமா?" என்றாள்.

ஆடி முதல் ஞாயிறு. காலைப் பூசை முடிந்ததும் லோடு ஆட்டோவில் வண்டியை ஏற்றிக்கொண்டு மூவரும் போனோம். குளம் நிஜமாகவே தரையாகக் கிடந்தது. மேற்கேயிருந்து காற்று, நின்றால் வேட்டியைப் பிடுங்குகிற காற்று. ஒரு அம்மா ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். பாயை ஏற்றியதும் கிட்ட வந்து பேனரைப் பார்த்தார்.

"யாரு வீட்டு விசேசம்யா?"

பட்டறைக்காரர் பெருமையாக என்னைக் காட்டி, சார் வெளிநாட்டில் இந்த வண்டி ஓட்டியவர் என்றார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கயிற்றை இழுத்தேன். பாய் படபடவென்று அடித்துக்கொண்டது, தாய்மாமன் உதறினார், வண்டி ஒரு அங்குலம் நகரவில்லை. இன்னும் இழுத்தேன். மெல்லப் பின்னால் போனது. இந்த விசைப் பகுப்பைத்தான் வருடாவருடம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கினேன். பரீட்சையில் அஞ்சு மார்க்குக் கேள்வி அது.

செத்த நேரம் பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாதான் சொன்னார்: "ஏய்யா, காத்துக்கு நேரா மூஞ்சியக் காட்டிக்கிட்டு ஒக்காந்தா எங்கிட்டுப் போகும்? ஆடுகூட சாஞ்சுல்ல நிக்கிது."

வண்டியைப் பக்கவாட்டில் திருப்பி ஒரு தள்ளு தள்ளினார் பட்டறைக்காரர். அவ்வளவுதான். முதுகில் யாரோ உதைத்த மாதிரி கிளம்பியது. நிறுத்த வேண்டுமென்றால் கயிற்றை விட்டுவிட வேண்டும். தபால்காரர் கொட்டகையில் இதை எனக்கு எத்தனையோ முறை சொல்லியிருந்தார். ஆனால் பயந்த மனிதன் கையில் இருப்பதை விடுவானா? பயம் ஏற ஏறக் கயிற்றை இழுத்துப் பிடித்தேன், இழுக்க இழுக்க வேகம் ஏறியது. வண்டல் மண் எடுத்த குழி ஒன்றைத் தாண்டியது தெரியும். அதன்பிறகு கண்ணை மூடிவிட்டேன். திறந்தபோது கரையோரத்துச் சீமைக்கருவேலம் புதருக்குள் இருந்தேன். ஒரு சக்கரம் அப்பளம் மாதிரி வளைந்து கிடந்தது. ஆடுகள் சிதறி ஓடிவிட்டன.

பட்டறைக்காரர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "பிரேக்கு வெக்காம விட்டது என்ற தப்புங்க சார்" என்று சொல்லிக்கொண்டே என் முழங்கையிலிருந்து முள்ளைப் பிடுங்க ஆரம்பித்தார். தன் தப்பு என்கிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அண்ணே, ஒங்க தப்பு இல்ல. நான் இத ஓட்டுனதே கிடையாது."

"எத?"

"பனிப்படக. ஓட்டுனது அந்தத் தபால்காரரு. நான் சும்மா ஒக்காந்திருந்தேன். அதுவும் கண்ண மூடிக்கிட்டு."

"அப்ப அந்தப் போட்டோ?"

"அது நின்ன படகு."

பிடுங்கிய முள்ளைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்தார். "எங்கூட்டுல, மச்சாங்கிட்ட, பட்டறைக்கு வார அத்தன பேருகிட்டயும் சொல்லியிருக்கறனுங்க சார்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. வண்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் திரும்பினோம். மனைவி என் சட்டைக் கிழிசலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் அந்தப் படத்தைக் கழற்றி அலமாரியில் வைத்தேன். சுவரில் ஆணி மட்டும் மிஞ்சியது.

ஒரு வாரம் அவர் போனை எடுக்கவில்லை. நானே பட்டறைக்குப் போனேன். இரண்டு தரம் வாசல் வரை போய்த் திரும்பினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது தரம் உள்ளே நுழைந்தபோது அவர் எங்கள் வண்டிக்குக் குறுக்குச் சட்டத்தை மாற்றிக்கொண்டிருந்தார். சைக்கிள் சக்கரங்கள் மூலையில் கிடந்தன. பக்கவாட்டு இழுப்பை அந்தக் கம்பிகள் தாங்காதாம். அவற்றின் இடத்தில் கலவை தள்ளும் கைவண்டியின் தடித்த சக்கரங்கள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அண்ணே, மன்னிச்சுக்கங்க."

"அந்த ஸ்பேனர எடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். ஒரு நட்டை முடுக்கி முடித்த பிறகுதான் பேசினார். "ரெண்டு பேருக்குமே தெரியாதுன்னா ரெண்டு பேருமே பழகிக்கலாமுங்க. ஆனா இனிமேலு மொதல்ல உக்கார்றது நானுங்க."

அப்படித்தான் நடந்தது. ஆடியிலும் ஆவணியிலும் ஞாயிறு தவறாமல் போனோம். மூன்றாவது வாரத்திலேயே பட்டறைக்காரர் குளத்தை எட்டு வடிவத்தில் சுற்றினார். அவருக்குக் காற்று கையில் தெரிந்தது, எனக்குப் புத்தகத்தில்தான் தெரிந்தது. மனைவி ஒருநாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "தள்ளுங்க, நானும் பாக்குறேன்" என்று உட்கார்ந்தாள். முதல் தடவையே போய்த் திரும்பி, கயிற்றை விட்டு, கிளம்பிய இடத்திலேயே நிறுத்தினாள். ஆட்டுக்கார அம்மா கைதட்டினார். எனக்கு அவர் ஒருநாளும் கைதட்டியதில்லை. நான் ஏறினால் ஆடுகளைக் கரைக்கு ஓட்டிவிடுவார்.

நான் உடைத்ததன் கணக்கைப் பட்டறைச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்தார் பட்டறைக்காரர். உடைப்பதில்தான் எனக்குத் தேர்ச்சி. ஆனால் உடைந்ததைச் சரிசெய்யும் சனிக்கிழமை மாலைகள் எனக்கு ஞாயிறை விடப் பிடித்துப்போயின. குழாயை நான் பிடிக்க அவர் பற்றவைப்பார். பேனர் கிழிந்த இடத்தில் நான் ஒட்டுப்போடுவேன். டீ வரும். பள்ளிக்கூடத்தில் முப்பத்திரண்டு வருடம் என்னை யாரும் 'இது தப்பு' என்று சொன்னதில்லை. இங்கே ஒரு மாலையில் பத்துத் தடவை கேட்டேன். கேட்கக் கேட்க உடம்பு லேசானது.

ஆவணிக் கடைசியில் ஒருமுறை, ஒரே ஒருமுறை, எனக்கும் வாய்த்தது. பாய் படபடப்பை நிறுத்திவிட்டு இறுகியது. காற்றுப்பக்கச் சக்கரம் தரையை விட்டு ஒரு சாண் எழும்பியது. குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை கண்ணைத் திறந்தபடியே போனேன், சிறுமலை முழுவதும் என் வலப்பக்கமாக ஓடியது. கயிற்றைத் தளர்த்தி, திருப்பி, புறப்பட்ட கரைக்கே வந்து நிறுத்தினேன். இறங்கிப் பார்த்தால் மற்ற இருவரும் ஆட்டோவின் மறைவில் உட்கார்ந்து இட்லிப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"சக்கரம் தூக்கிருச்சு!" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

"அப்பிடிங்களா" என்றார் பட்டறைக்காரர், சட்னியைப் பார்த்தபடி.

புரட்டாசியில் முதல் மழை பெய்தது. மேல்மண் காய்ந்துதான் இருக்கிறது என்று நான் அடித்துச் சொன்னதால் அந்த ஞாயிறும் போனோம். நடுக்குளத்தில் மூன்று சக்கரமும் அச்சு வரை இறங்கிவிட்டன. மூவருமாகச் செருப்பைக் கழற்றிவிட்டு, முழங்கால் வரை சேற்றில் நின்று இழுத்தோம். இரண்டு மணிநேரம் ஆனது. ஆட்டுக்கார அம்மா கரையிலிருந்து "அம்புட்டுத்தேன், இன்னொரு இழு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கரையேறியபோது என் செருப்பில் ஒன்றைக் காணவில்லை. மனைவி என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள், பட்டறைக்காரரும் சேர்ந்துகொண்டார். வண்டியைக் கழுவத் தண்ணீர் தேடி, ஒற்றைச் செருப்போடு கரைக்கு அப்பால் இருந்த தோட்டத்துக் கிணற்றுப் பக்கம் நடந்தேன்.