ஒன்பதாம் ரீல் வாங்கிக் கொடுத்த விருது

சினிமா ஆபரேட்டர் ஒழுங்காக வேலை செய்தால் அவன் இருப்பதே யாருக்கும் தெரியாது. தப்புச் செய்தால்தான் தியேட்டரே திரும்பி அவன் அறையைப் பார்க்கும். மேலதிகாரி, ஆடிட்டர், மாமியார் என்று யாராவது ஒருவருடைய தீர்ப்புக்காகக் காத்திருந்தவர்களுக்கு நான் சொல்வது சுலபமாகப் புரியும்.

ஊர் மாறி வந்த நடுவர்கள்

எண்பதுகளில் திண்டிவனத்தில் ஒரு தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தேன். பெரிய சினிமா விருது ஒன்றுக்குப் படம் தேர்ந்தெடுக்கும் ஐந்து நடுவர்கள், மெட்ராஸில் சிபாரிசுத் தொல்லை தாங்காமல், எங்கள் தியேட்டரில் ஒரு வாரம் பகலில் படம் பார்க்க வந்தார்கள். "படம் அறுந்துது, நின்னுதுன்னு ஒரு பேச்சு வந்துச்சு, மறுநாளே நீ வேற வேலை பாத்துக்க" என்று முதலாளி முன்கூட்டியே சொல்லிவிட்டார். வீட்டில் நாலு மாதக் கைக்குழந்தை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டாம் நாளே கிளியனூரிலிருந்து ஒரு தயாரிப்பாளரின் மச்சான், அவித்த வேர்க்கடலை, எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை, ஒரு கூடையோடு வந்து நின்றார். மறுநாள் ஒரு நடிகரின் சித்தப்பா பலாப்பழத்தோடு வந்தார். திகைத்துப்போன நடுவர்களுக்கு எங்கள் கேட் கீப்பர் நடேசன்தான் ஆறுதல் சொன்னார்: "மெட்ராஸ்ல கார்ல வர்ற சிபாரிசு இங்க பஸ்ஸுல வந்துக்கினு இருக்குதுங்க, அவ்ளோதான் வித்தியாசம்."

சொந்த ஊர் மார்க்

ப்ரொஜெக்டர் பக்கத்து ஓட்டை வழியாக ஐந்து தலைகளும் எனக்குத் தெரியும். அதில் ஒன்று இரண்டாம் ரீலில் சாயும், பாட்டு வந்தால் நிமிரும். இடைவேளையில் நான் டீ குடிக்க இறங்கிவந்து பார்த்தால், அந்தத் தலைக்குச் சொந்தக்காரர் பிரமாதமாக நடித்த ஒருவருக்கு நூற்றுக்கு முப்பது போட்டிருந்தார். பக்கத்து நடுவர் ஏனென்று கேட்டார். "என் ஊர்க்காரன்யா. கூடப் போட்டா பாரபட்சம்பாங்க, குறைச்சுப் போட்டா நேர்மைம்பாங்க!"

கோடு போடாத டப்பா

படப்பெட்டி விழுப்புரத்தில் காலைக் காட்சி முடிந்து பஸ்ஸில் வரும். ரீல் டப்பாவில் நம்பர் எழுதும்போது 6-க்கும் 9-க்கும் அடியில் கோடு போடுவது எங்கள் வழக்கம். டப்பா தலைகீழானாலும் எது எதுவென்று தெரியவேண்டுமே. கடைசி நாள் பெட்டியில் விழுப்புரத்து ஆபரேட்டர் கோடு போடவில்லை. அவசரத்தில் நானும் திறந்து சரிபார்க்கவில்லை.

ஐந்தாம் ரீலில் தோசை சுட்டுக்கொண்டிருந்த கதாநாயகி, அடுத்த ரீலில் மாலை போட்ட போட்டோவாகச் சுவரில் தொங்கினாள். ஆறு என்று நான் மாட்டியது ஒன்பது; எனக்கு உயிரே போய்விட்டது. நிறுத்தினால் வேலை போகும். மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஓட்டினேன். ஒன்பதாவதாக ஆறாம் ரீலைப் போட்டதும், போட்டோவில் இருந்தவள் திரும்ப வந்து புருஷனுக்குத் தோசை பரிமாறினாள்.

படம் முடிந்து விளக்குப் போட்டார்கள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகத் தயாரானேன். நடுவர் குழுத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். புரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு மற்ற நால்வரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். தலைவர் சொன்னார்: "செத்தவளைத் திரும்பத் தோசை சுட வச்சுட்டான் பாருங்க, இதுதான்யா டைரக்‌ஷன்!"

விழுப்புரம் லாட்ஜில் விசாரணை

சிறந்த டைரக்டர் விருது அந்தப் படத்தின் டைரக்டருக்கே போனது. தலைவர் அந்த உத்தியைப் புகழ்ந்து பேசியது பத்திரிகையில் வந்ததும் வினை வந்தது. படம் பார்த்த ஜனங்கள், தங்கள் ஊரில் ஓடிய படத்தில் செத்தவள் திரும்பி வரவே இல்லையே என்றார்கள். நடுவர்கள் படத்தையே பார்க்காமல், காசு வாங்கிக்கொண்டு விருது கொடுத்துவிட்டார்கள் என்று ஒரே ரகளை. விருதுச் சங்கத்தின் செயலாளர், படப்பெட்டி வந்த வழியை விசாரிக்க விழுப்புரம் வந்து, தங்கியிருந்த லாட்ஜுக்கு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

பஸ் விக்கிரவாண்டி தாண்டும்வரை பொய் சொல்வதாகத்தான் இருந்தேன். பிறகு, செய்யாத தப்புக்கு ஐந்து பேர் திருட்டுப்பட்டம் சுமக்கிறார்களே என்று மனசு கேட்கவில்லை. டப்பாவிலிருந்து தோசைவரை எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு, வேலை போனால் போகட்டும் என்று நின்றேன்.

செயலாளர் நாற்காலியில் சாய்ந்து, பெருமூச்சு விட்டு, எனக்கும் சேர்த்து ஒரு சோடா வரவழைத்தார். "அப்பாடா! வெறும் முட்டாள்தனந்தானா? நான் லஞ்சமோன்னு பயந்துட்டேன்! நடுவர்கள் பாத்தது விசேஷப் பிரதின்னு அறிக்கை விட்டுடறேன், உங்க முதலாளிக்கு ஒண்ணும் தெரியவேணாம்."

அந்த டைரக்டர் இன்றுவரை என்னைத் தேடி வந்து நன்றி சொல்லவில்லை. வேலை மிஞ்சிய சந்தோஷத்தில் நானும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.