தானாக நகர்ந்த கார்டு

போன கார்த்திகை முதல் செவ்வாய்க்கிழமை. தூத்துக்குடி துறைமுகச் சாலையில் இருக்கும் எங்கள் ஏற்றுமதி அலுவலகத்துக்கு வழக்கம்போல ஒன்பது மணிக்குப் போனேன். மேசையைத் துடைத்தேன். தண்ணீர் பாட்டிலை நிரப்பினேன். கணினியில் வேலைப் பலகையைத் திறந்தேன்.

அந்த ஆன்லைன் பலகையைக் கொண்டுவந்தது நான்தான். முன்பெல்லாம் யார் எந்த வேலையைச் செய்தார்கள் என்றே தெரியாது. இப்போது ஒவ்வொரு கண்டெய்னருக்கும் ஒரு கார்டு. பின்பக்க யார்டில் இருப்பவர் வேலை முடிந்ததும் தன் போனிலேயே அதை ‘முடிந்தது’ என்ற கட்டத்துக்கு இழுத்துவிடுவார். இழுத்தவரின் முகம் கார்டில் சின்ன வட்டமாகத் தெரியும். சரக்கின் போட்டோ இல்லாத கார்டை ஏற்கமாட்டேன் என்பது நான் போட்ட விதி.

அன்று, மருந்துக்குப் போகும் நிலாவாரை இலை மூட்டைகள் ஏற்றிய ஒரு கண்டெய்னர். பூச்சி வராமலிருக்க, கதவைச் சாத்தி இடுக்குகளில் டேப் ஒட்டி, குழாய் வழியாக விஷவாயு செலுத்துவார்கள். அதற்கான ஆட்கள் மதியம் வருவதாக இருந்தது. எங்கள் சூப்பர்வைசர் கார்டை ‘முடிந்தது’க்கு நகர்த்தியிருந்தார். அவருக்கு அரைநாள் லீவு. திரேஸ்புரத்தில் உறவினர் வீட்டு விசேஷம். போயிருப்பார் என்றே நினைத்தோம்.

சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது பார்த்தேன், அந்தக் கார்டு ‘நடக்கிறது’ கட்டத்துக்குத் திரும்பியிருந்தது. கை தவறியிருக்கும் என்று நானே சரிசெய்தேன். கை கழுவி வந்தால் மறுபடியும் பழைய இடம். வட்டத்தில் அவர் முகம்.

“யக்கா, அண்ணாச்சி பந்தில உக்காந்துக்கிட்டு விளையாடுதாரு,” என்று பக்கத்து மேசைப் பெண் சிரித்தாள்.

போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. எரிச்சலோடு கார்டை மறுபடியும் ‘முடிந்தது’க்குத் தள்ளினேன். கையை எடுப்பதற்குள் அது இடப்பக்கம் வழுக்கியது. பிறகு வலப்பக்கம். மறுபடியும் இடப்பக்கம்.

அவள் சிரிப்பு நின்றது. “இது என்னமோ மாதிரி இருக்கு யக்கா. கம்ப்யூட்டர அணைச்சிருங்க.”

அப்போது வாயு செலுத்த வந்தவர் யார்டிலிருந்து போனில் கூப்பிட்டார். “மேடம், உங்க ஆளு போன்ல பாத்தா கார்டு முடிஞ்சிதுங்குது, உடனே இல்லங்குது. டேப் ஒட்டியாச்சு. குழாய மாட்டவா?”

கார்டைத் திறந்தேன். போட்டோ இல்லை. போட்டோ போடாமல் லீவில் போகிற ஆள் இல்லை அவர். என் வாய்க்கு அவர் அவ்வளவு பயப்படுவார்.

“எதையும் தொடாதிய. நான் வாரேன்,” என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

யார்டில் கிரேன் இரைச்சல், லாரிகளின் ஹாரன். கண்டெய்னர் கதவு சாத்தியே இருந்தது. அவர் எண்ணுக்கு மறுபடியும் போன் செய்தேன். கிரேன் ஒரு கணம் ஓய்ந்தபோது எங்கோ குருவி கத்தியது. அந்த யார்டில் ஒரு மரம்கூடக் கிடையாது. வெயிலில் கொதித்த இரும்புக் கதவில் காதை வைத்தேன். குருவி உள்ளே கத்தியது. அவருடைய ரிங்டோன்.

டேப்பைக் கிழித்துக் கதவைத் திறந்தார்கள். மூட்டைகளுக்கும் கதவுக்கும் நடுவே, சட்டை தெப்பலாக நனைந்து நின்றார். கார்டை நகர்த்திய பிறகுதான் போட்டோ ஞாபகம் வந்து, மூட்டைகளின் மேல் ஏறியிருக்கிறார். ‘முடிந்தது’ என்று போனில் பார்த்த யார்டு ஆள் கதவைச் சாத்திவிட்டார். இறங்கும்போது போன் கீழே விழுந்து, அதன் திரை பாதி செத்துவிட்டது. அழைப்பை எடுக்கவும் முடியவில்லை, எழுத்தைத் தட்டவும் முடியவில்லை. மேல்பாதியில் இருந்த அந்தக் கார்டு மட்டும் விரலுக்கு அசைந்திருக்கிறது. கதவைத் தட்டியதெல்லாம் கிரேன் சத்தத்தில் போய்விட்டது.

“போட்டோ எடுத்துட்டேன் மேடம்,” என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே. “அனுப்பத்தான் முடியல.”

யாரும் சிரிக்கவில்லை. உள்ளிருந்து நீண்ட அந்தக் கையை இரண்டு முறை தள்ளிவிட்டது நான்தான்.

மறுநாள் காலை மேசையைத் துடைக்கவில்லை. நேராக யார்டுக்குப் போய், சாத்துவதற்குத் தயாராக நின்ற கண்டெய்னருக்குள் தலையை நீட்டி, “உள்ள யாராவது இருக்கியளா?” என்று கத்தினேன். என் குரல்தான் திரும்பி வந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை கேட்டேன். அந்தக் கேள்விக்கு இதுவரை நான் கார்டு போடவில்லை. தினமும் வாயால்தான் கேட்கிறேன்.